மூன்றாம் தொட்டியில் நான்கு குப்பிகள்

"நான் தந்தி. வயசு இருபத்தேழு. இப்ப இருக்கிறது ஆஸ்பத்திரி மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தண்ணி மெஷின் பக்கத்துல."

போனை வாய்க்கருகே பிடித்து இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் நின்றுவிட்டான். சொன்னது அத்தனையும் திரையில் எழுத்தாக ஏறியிருந்தது. மைக் படம் இன்னும் சொல், இன்னும் சொல் என்று துடித்தது. எல்லாவற்றையும் அழித்தான். விடிந்ததிலிருந்து இது நான்காவது முறை.

தந்தி என்று அவனுக்குப் பெயர் வைத்தது தாய்மாமா. ஆறு வயதிலேயே அவனுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பக்கத்து வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வான். நாடு விட்டு நாடு வந்த பிறகு அந்த ஓட்டம் போனுக்கு மாறியது. வேலையிடத்தில் எந்நேரமும் முழங்கை வரை தடித்த கையுறை. விரலால் தட்ட முடியாது. அதனால் வாயால் சொல்லி எழுதவைத்து வீட்டுக் குழுவுக்கு அனுப்பிவிடுவான். ஒருமுறை நம்பரை மாற்றிய கையோடு, "நான்தான், அவசரம், உடனே கூப்பிடுங்க" என்று அனுப்பினான். எவனோ ஏமாற்றுக்காரன் என்று குடும்பமே அவனைத் தடை செய்துவிட்டது. அன்றிலிருந்து பெயர், வயது, இருக்குமிடம் மூன்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான்.

"என்னடா இது, சாட்சிக் கூண்டுல ஏறின மாதிரியே ஆரம்பிக்கிறே?" என்று அக்கா சிரிப்பாள்.

அப்படிப்பட்டவன் இரண்டு நாளாக ஒரே ஒரு விஷயத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தான்.

போன் முனகியது. அக்காவின் குரல் பதிவு. "டேய், புதன்கிழமை டிக்கெட் உறுதியாயிடுச்சு. அம்மா, நான், என் வாண்டு மூணு பேரும் வர்றோம். வாண்டுக்கு மூக்குல குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஒழுகுது. பிளேன் ஏறினா எல்லாம் சரியாயிடும். பாப்பா எப்படிடா இருக்கா? ஏன்டா வாயே தொறக்க மாட்டேங்கிற? நீ பேசாம இருந்தாத்தான்டா எனக்குப் பயமா இருக்கு."

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

பாப்பாவுக்கு வயது பத்தொன்பது நாள். பதினைந்தாம் நாள் வரை பாலுக்கு அழுதாள், குடித்தாள், தூங்கினாள். பதினாறாம் நாள் லேசாகத் தும்மினாள். பதினேழாம் நாள் மார்பில் வாய் வைத்துவிட்டு, இரண்டு இழுப்பிலேயே விட்டுவிட்டு, மூச்சுக்குத் தவித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பரிசோதித்ததில் சளி வைரஸ் என்று வந்தது. பெரியவர்களுக்கு மூக்கு ஒழுகிவிட்டுப் போய்விடுகிற வைரஸ்.

அன்று டாக்டர் அவனையும் மனைவியையும் உட்காரவைத்துக் கேட்டார். "வீட்ல யாருக்காவது சளி, இருமல், தும்மல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல சார்," என்றான் அவன்.

கேள்வி முடிவதற்குள் பதில் வெளியே வந்துவிட்டது. அவர் தலைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கியது: சளி, இருமல் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது. அதைப் படித்துக்கொண்டேதான் சொன்னான்.

அப்போதுதான் அவன் மனைவி வெடித்து அழுதாள். "நான்தான் சார். பத்தாம் நாள் கடைக்குப் போனேன். அஞ்சே நிமிஷம். டயப்பர் தீர்ந்துபோச்சுன்னு. வரிசையில ஒரு ஆளு இருமிட்டு நின்னாரு. நான்தான் கொண்டுவந்து குடுத்துட்டேன்."

டாக்டர் அப்படியெல்லாம் சொல்ல முடியாதம்மா என்றார். தந்தி எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் பிடித்து வந்தான். அவ்வளவுதான் செய்தான்.

உண்மை இதுதான். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் அவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மூன்று நாள் ஒழுகியது. "என்னங்க, சளியா?" என்று அவள் கேட்டபோது, "சேச்சே, நைட்ரஜன். அந்தத் தொட்டி மேல குனிஞ்சா யாருக்கும் ஒழுகும்," என்றான். அது பொய்யும் இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் ரத்த மாதிரிகளை உறையவைத்திருக்கும் ஆறு தொட்டிகளுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவதுதான் அவன் வேலை. எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் கவசத்தையும் தாண்டிக் குளிர் முகத்தில் அறையும், மூக்கு ஒழுகும். மூன்று வருடமாக ஒழுகிய மூக்குதானே என்று அவனே அதை நம்பினான். நம்பத்தான் விரும்பினான். சளி என்று சொன்னால் அவள் பாப்பாவைக் கையில் தரமாட்டாள். மூக்கைத் துடைத்த அதே கையை நீட்டுவான். பாப்பா அவன் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டுபோய் வாயில் வைத்துச் சப்புவாள். "பாரேன், என்ன பிடி பிடிக்கிறா!" என்று அவன் பூரித்துப் போவான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பாப்பாவோட அப்பா, உள்ளே வாங்க. டாக்டர் வந்திருக்காரு," என்றார்.

ஏழாம் படுக்கை. பாப்பாவின் மூக்கில் இரண்டு மெல்லிய குழாய்கள். அவை வழியாகச் சூடாக்கிய காற்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தலைமாட்டில் இருந்த திரையில் இரண்டு எண்கள். நீல எண் ஆக்ஸிஜன், தொண்ணூற்றிரண்டு. வெள்ளை எண் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது, எழுபத்தாறு. பக்கத்தில் மனைவி, மார்பில் பால் எடுக்கிற கருவியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த பாலை நர்ஸ் ஒரு குழாய் வழியாக வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார். இரண்டு நாளில் மனைவியின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முந்தின இரவுச் சாப்பாடு தட்டோடு அப்படியே மூடிக் கிடந்தது.

"இந்த நோய்க்குன்னு மருந்து கிடையாது," என்றார் டாக்டர். "நாலாவது, அஞ்சாவது நாள்தான் உச்சம். இன்னைக்கு நாலு. நாங்க மூச்சுக்கு உதவி பண்றோம், உள்ளே நடக்கிற சண்டையை அவதான் போடணும். ரெண்டு தடவை மூச்சை நிறுத்திட்டா. மதியம் வரைக்கும் பார்ப்போம். களைச்சுப்போனா குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்."

"பத்தொம்பது நாள் குழந்தைங்க சார்," என்றாள் மனைவி. "அவகிட்ட என்ன இருக்கு சண்டை போட?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் எட்டாம் படுக்கையில் மணி அடித்தது. அவர் அங்கே ஓடினார்.

அவகிட்ட என்ன இருக்கு. அந்தக் கேள்வி தந்தியின் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று விழித்துக்கொண்டது.

குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு மதியச் சாப்பாட்டு வேளை. எதிரே லேப் அக்கா. அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு செல்களை ஆராய்கிறவள். கூடத்தில் அவனோடு சரிக்குச் சரி வாயாடுகிற ஒரே ஆள்.

"பச்சைக் குழந்தைக்கு என்னக்கா எதிர்ப்புச் சக்தி? ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டிருந்தான்.

"ஊரே அப்படித்தான் சொல்லுது. உன் செல்லும் என் செல்லும் அரசாங்க ஆபீஸ் மாதிரிடா. வந்தவன் யாரு, முன்னாடி வந்திருக்கானா, ஃபைல் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கும். குழந்தையோடதுக்கு ஃபைலே கிடையாது. பக்கத்துல எவனோ கத்துறான்னு காதுல விழுந்தாப் போதும், செருப்புகூட மாட்டாம ஓடும்."

"அப்ப குழந்தைதான் கெட்டிக்காரின்னு சொல்லுங்க."

"பாதிதான். ஓடிப்போய் அடிச்சிட்டு வரும், யாரை அடிச்சோம்னு மறந்துடும். அடுத்த மாசம் அதே ஆளு வந்தா மறுபடி முதல்லேர்ந்து. உன்னை மாதிரி."

"நான் எப்பக்கா மறந்தேன்?"

"நேத்து அஞ்சாம் தொட்டி மூடியை யாரு திறந்து போட்டுட்டுப் போனது?"

அப்படிச் சிரித்துப் பேசிய பேச்சில்தான் லேப் அக்கா கேட்டாள்: பிரசவத்துக்குப் பிறகு தொப்புள்கொடியில் மிச்சம் இருக்கும் ரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் பாப்பா பிறந்த அன்று கூடத்துக்கு வந்தது ஒரே ஒரு பை. அடுத்த நாள் வேலைக்குப் போனவன் பதிவேட்டில் பார்த்துவிட்டான். மூன்றாம் தொட்டி, இரண்டாம் அடுக்கு, மூலைப் பெட்டி, நான்கு குப்பிகள். அதன் பிறகு அந்தத் தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்றும்போதெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவான்.

இப்போது பாப்பாவின் விலாவில் குழி விழுவதைப் பார்த்தபடி நின்றவனுக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்து வேறு கணக்காகத் தெரிந்தது. அவளுக்காகச் செருப்புகூட மாட்டாமல் ஓடவேண்டியவர்கள் அங்கே உறைந்து கிடக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் கொடுத்தது நான். அதனால்தான் அவளிடம் ஆள் இல்லை. அதனால்தான் இப்படித் திணறுகிறாள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அப்படி நினைத்ததும் அவன் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இது திருப்பிக் கொண்டுவரக்கூடிய தப்பு. சுண்டுவிரலைத் திருப்பி எடுக்க முடியாது. குப்பியை எடுக்கலாம்.

"எங்கே போறீங்க?" என்றாள் மனைவி.

"இதோ வந்துடறேன். ஒரு வழி இருக்கு."

ஆஸ்பத்திரிக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமான ஒரு நடைபாலம். சக்கர நாற்காலிகளுக்கும் மருந்து வண்டிகளுக்கும் நடுவே அதில் ஓடினான். தொட்டி அறையில் யாரும் இல்லை. முகக்கவசம், கையுறை, மேலங்கி எல்லாம் கை தானாகவே மாட்டிக்கொண்டது. மூடியைத் தூக்கினான். வெள்ளைப் புகை குபுகுபுவென்று விளிம்பு தாண்டித் தரையில் வழிந்தது. அடுக்கை இழுத்தான், பெட்டியைத் திறந்தான். விரல் நீளம்கூட இல்லாத குப்பி, உள்ளே கறுத்த சிவப்பில் உறைந்த ஒரு கட்டி. அதற்குள் எத்தனை லட்சமோ.

நான்கையும் எடுக்க மனம் வரவில்லை, ஒன்றை எடுத்தான். மாதிரிகளை எடுத்துப்போகும் சின்ன எஃகுக் குடுவையில் அடியில் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றி, குப்பியை இறக்கி, ஸ்பாஞ்சு மூடியை வைத்தான். இறுக்கி மூடினால் வெடித்துவிடும். அதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரியவேண்டியது மட்டும்தான் தெரியவில்லை.

குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தபோது வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் முன்னால் மேசையில் வைத்தான். இடுக்கிலிருந்து புகை கசிந்தது.

"சிஸ்டர், இது எங்க பாப்பாவோட ரத்தம். பிறந்தப்ப எடுத்தது. இதுல அவளோட சொந்த செல்லு இருக்கு. உருக்கி ஏத்திடுங்க. உருக்குறதுக்கு ஒரு நிமிஷம்தான், வெதுவெதுன்னு தண்ணி இருந்தாப் போதும், எனக்குத் தெரியும்."

நர்ஸ் குடுவையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். முப்பது வருடத்தில் மந்திரித்த கயிறு, நாட்டு மருந்து என்று பெற்றோர்கள் எதையெல்லாமோ மடியில் ஒளித்துக் கொண்டுவந்து பார்த்தவர். புகைவிடுகிற குடுவை இதுதான் முதல் தடவை.

"முதல்ல அதை மேசையிலேர்ந்து எடுங்கப்பா."

"எடுக்கிறேன் சிஸ்டர், நீங்க டாக்டரைக் கூப்பிடுங்க. மதியத்துக்குள்ள ஏத்தணும். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"அப்பா, உட்காருங்க. யாரு குடுத்தா இது? எந்த இடத்துலேர்ந்து வருது?"

அவன் பதில் சொல்வதற்குள் நடைபாலப் பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக லேப் அக்கா வந்தாள். வெள்ளை மேலங்கியோடு, ஒரு கையில் கையுறை, மறு கை வெறுங்கை. தொட்டியைத் திறந்தால் அவள் போனில் எச்சரிக்கை மணி அடிக்கும். அவசரத்தில் அதை அவன் மறந்தே போயிருந்தான்.

அவள் குடுவையின் மூடியைத் தூக்கி எண்ணைப் படித்தாள். பிறகு கண்ணாடி வழியாக ஏழாம் படுக்கையைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், திட்டவில்லை.

"இங்கே வா," என்று தண்ணி மெஷின் பக்கம் இழுத்துப் போனாள். "பைத்தியமாடா உனக்கு? இதுல உறையும்போது செல்லு சாகாம இருக்க மருந்து கலந்திருக்கு. ஆராய்ச்சிக்குச் சேர்த்து வச்சது. இதைப் போய்ப் பத்தொம்பது நாள் குழந்தைக்கு ஏத்தினா என்ன ஆகும் தெரியுமா?"

"அப்ப சுத்தம் பண்ணிக் குடுங்கக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே. வேகமா ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஓடவேண்டியதை எல்லாம் நான் எழுதிக் குடுத்துட்டேன். அவகிட்ட ஆளே இல்லக்கா."



"நான் பாதி சொன்னேன், நீ அதுல பாதி கேட்டுக்கிட்டியா? கேளு. இது கொடியை வெட்டின பிறகு அதுல தங்கினது. எடுக்கலைன்னா குப்பைக்குப் போயிருக்கும். அவ உடம்புல இருக்கிறதோட பார்த்தா இது ஒரு துளி. அதுவும் அவ எலும்புக்குள்ள நிமிஷத்துக்கு நிமிஷம் புதுசு வந்துட்டே இருக்கு. அவகிட்ட ஆள் இல்லாம இல்லடா. இந்த நிமிஷம் நுரையீரல்ல அத்தனையும் ஓடிட்டுத்தான் இருக்கு. அவ மூச்சுக்குழாய் நூல் மாதிரி. உள்ளே வீக்கம், சளி, செத்த செல்லு. பாதி வைரஸ் பண்ணினது, பாதி அந்தச் சண்டையோட குப்பை. அதுல அடைச்சுக்கிட்டுத்தான் திணறுறா."

"ஜெயிச்சுடுவாளா?"

"தெரியாது. முக்கால்வாசிக் குழந்தைங்க ஜெயிக்கும், அதுக்கும் மேலயே. இவளைப் பத்தி என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். "அப்ப, கையெழுத்துப் போட்டது தப்பில்லையா?"

"இல்லை."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் வெளுத்துப்போனது. பிடித்துத் தொங்கிய கிளை முறிந்தவன் போல ஆனான். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏன்டா? வேற என்ன?"

"அக்கா... எனக்கு மூக்கு ஒழுகுச்சு. ஒம்பதாம் நாள்லேர்ந்து. நைட்ரஜன்னு சொன்னேன்." சொல்லச் சொல்ல வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. "மூணே நாள்தான். காய்ச்சல்கூட இல்ல. லேசாத்தான் இருந்துச்சு. என் விரலைத்தான் அவ சப்பினா. எனக்கு அவ்வளவு லேசா இருந்தா, அவளுக்கு எப்படிக்கா...?"

லேப் அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு லேசா இருந்தது, உன் உடம்புல ஃபைல் இருந்ததாலதான். சின்ன வயசுலேர்ந்து நாலு தடவை இந்த வைரஸ்காரன் வந்துட்டுப் போயிருப்பான். பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டு மூணு நாள்ல விரட்டிடுச்சு. அவளுக்கு அவன்தான் முதல் ஆளு."

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அழுகை அதையும் மீறி வந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"இன்னும் ஒழுகுதா? இருமல்?"

"நேத்துலேர்ந்து தொண்டை கரகரங்குது."

"அடப்பாவி. உள்ளே எத்தனை குழந்தைங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?" அவள் சட்டென்று எழுந்தாள். "இந்தக் குப்பியை இனி ஆராய்ச்சிக்கு வச்சுக்க முடியாது. நடந்ததை நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும், அதை அப்புறம் பார்த்துக்கலாம். நீ முதல்ல உன் வீட்டுக்காரிகிட்டப் போ."

மனைவி கதவருகே வந்து நின்றிருந்தாள். புகைக் குடுவை, ஓட்டம், அழுகை எல்லாவற்றையும் கண்ணாடிக்கு உள்ளிருந்தே பார்த்திருந்தாள்.

"என்ன வழின்னு போனீங்க? யாரு அவங்க? பாப்பாவுக்கு என்னவாம்?"

அவன் சொன்னான். ஒன்பதாம் நாளிலிருந்து, சுண்டுவிரல் வரை, டாக்டரின் கேள்வி வரை. நிமிர்ந்து பார்க்காமல் அவள் செருப்பைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

அவள் கத்தவில்லை.

"ரெண்டு நாளா நான் கடைக்குப் போனேன், கடைக்குப் போனேன்னு அழுதேன்," என்றாள். "நீங்க எனக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்தீங்க."

"ஆமா."

"அது எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

அவன் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய் நர்ஸ்கிட்டச் சொல்லுங்க. எட்டாம் படுக்கைக் குழந்தை ஒரு கிலோதான் இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நர்ஸ் அவனைத் திட்டவில்லை. மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார். ஏழாம் படுக்கைக்கும் எட்டாம் படுக்கைக்கும் நடுவே திரைச்சீலை போடச் சொன்னார். அவன் தொட்ட நாற்காலி, கதவுப்பிடி எல்லாவற்றையும் துடைக்க ஆள் அனுப்பினார். "அப்பா, நாங்க சொல்ற வரைக்கும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

கண்ணாடிக்கு வெளியே நின்றான். இங்கிருந்து பார்த்தால் திரையில் நீல எண் மட்டும்தான் தெரியும். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. எண்பத்தெட்டு.

மணி அடித்தது. எண்பத்திரண்டு. நர்ஸ் ஓடிவந்து, மூச்சு விடவைக்கப் பாப்பாவின் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு தடவை சுண்டினார். டாக்டர் வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு வண்டி வந்தது. மனைவியைப் பின்னால் நகர்த்தித் திரைச்சீலையை இழுத்தார்கள். எண்ணும் மறைந்தது.

கண்ணாடியில் நெற்றியை வைத்தான். உடனே எடுத்தான். துடைத்துவிட்டுப் போன இடம். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், நடுத் தாழ்வாரத்தில் தனியாக நின்றான். ஓடத் தெரிந்த அவன் கால்களுக்கு ஓட ஒரு இடமும் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. பாப்பா, பாப்பா என்று உதடு மட்டும் அசைந்தது.

எவ்வளவு நேரமோ. டாக்டர் வெளியே வந்து, நான்கடி தள்ளியே நின்று பேசினார்.

"குழாய் போட்டாச்சு. மெஷின்ல இருக்கா. ரொம்பக் களைச்சுப்போயிட்டா, அதான். மூச்சை மெஷின் பார்த்துக்கட்டும், சண்டையை மட்டும் அவ பார்த்துக்கட்டும். இன்னும் ரெண்டு நாள் போகணும். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"நன்றிங்க சார்."

"உங்க சளியை முதல் நாளே சொல்லியிருந்தா வைத்தியம் மாறியிருக்காது. அவளுக்கு இதேதான் செஞ்சிருப்போம். மத்த குழந்தைங்களுக்காகச் சொல்லியிருக்கணும். உங்க வீட்டம்மாவுக்காகவும்."

அவர் போய்விட்டார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து தண்ணி மெஷினில் விழுந்தது. போன் ஒருமுறை அதிர்ந்தது. மனைவியிடமிருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு எண். 94.

பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. 93.

பேச்சு இல்லை, திட்டு இல்லை, எண் மட்டும். எண்ணையாவது அனுப்புகிறாளே என்று அவன் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு வீட்டுக் குழுவைத் திறந்தான். அக்காவின் குரல் பதிவுக்குக் கீழே அம்மா, மாமா, சித்தி என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள்: என்ன ஆச்சு, ஏன் பேசல. வாண்டு மூக்கொழுக விமான டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் ஒன்றும் இருந்தது.

மைக்கை அழுத்தினான். தாழ்வாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

"நான் தந்தி. வயசு இருபத்தேழு. ஆஸ்பத்திரி மூணாவது மாடி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிக்கிறேன். என்னை உள்ளே விடல, விடாததுதான் சரி. பாப்பா மெஷின்ல இருக்கா. இப்ப தொண்ணூத்தி மூணு. அவளுக்குச் சளி வந்தது அவ அம்மா கடைக்குப் போனதால இல்ல. எனக்கு இருந்துச்சு, நான் மறைச்சேன். என் விரல்லேர்ந்துதான் போயிருக்கணும். அம்மா, என் வீட்டுக்காரியை யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க, எதுன்னாலும் என்னைச் சொல்லுங்க. அக்கா, டிக்கெட்டை மாத்து. வாண்டுக்கு மூக்கு நின்னு, அதுக்கப்புறம் இன்னும் ஒரு வாரம் போகட்டும். கோவிச்சுக்காதே. பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாதது பச்சைக் குழந்தைக்குச் செய்யும். பாப்பா உடம்பு ஓடி ஓடிச் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கு, இவன் யாருன்னு தெரியாமலேயே. இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மூக்கு லேசா ஒழுகினாக்கூட, தூசி, குளிர்னு சொல்லாம, சளின்னே சொல்லுங்க. சொல்லிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, தள்ளி நின்னு குழந்தையைப் பாருங்க."